பதினெட்டு வளைவில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்களிடம் இருப்பது யப்பானில் செய்த பழைய பெரிய ஜீப். ஆறு சிலிண்டர், பெற்றோல். ஊருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மகியங்கனை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது, அந்தப் பதினெட்டு வளைவில் மட்டும் மிஸ்ஸிங் வந்து வண்டி குலுங்குகிறது. பிளக் மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது. இப்போது வேறொரு கராஜில், மறைந்திருக்கும் மூன்று பிளக்கை மாற்ற எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை என்கிறார்கள். உண்மையா, காசு பிடுங்கப் பார்க்கிறார்களா? வீட்டில் கண்ணூறு என்று எலுமிச்சம்பழமும் கட்டியாயிற்று."

அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் மாமாவின் ஜீப்பிலும் இதே கதை நடந்தது. 'வி' எழுத்துப் போல இரண்டு வரிசையாக மும்மூன்று சிலிண்டர் கொண்ட எஞ்சின் அது. வளியை உள்ளே எடுக்கும் அலுமினியக் கூடு ஒரு வரிசைக்கு மேலே குடை பிடித்தாற்போலக் கவிந்திருக்கும். மற்ற வரிசைக்குக் கை தாராளமாகப் போகும். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு சிறிய கராஜில் அந்தக் கூட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்த வயதான மெக்கானிக், "இந்த மூணையும் ஆரும் தொட்டதே இல்ல மனே" என்றார். முன்பு வேலை செய்தவர்கள் எட்டிய மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறுக்கும் காசு வாங்கியிருந்தார்கள்.

பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவதுதான் பிளக்கின் வேலை. அந்தப் பொறி இடையிடையே தவறுவதுதான் மிஸ்ஸிங். சரி, பிளக் தேய்ந்தால் எப்போதும்தானே மிஸ்ஸிங் வர வேண்டும்? ஏற்றத்தில் மட்டும் ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பட்டரி தருவது 12 வோல்ற்று. பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயிலுக்குள் இரண்டு சுருள்கள். முதல் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் காந்தப்புலம் சரிந்து விழும். அந்தச் சரிவு, பல ஆயிரம் சுற்றுக் கொண்ட இரண்டாம் சுருளில் 30,000 வோல்ற்று வரைக்கும் எழுப்பும். 1831 இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான், க.பொ.த. சாதாரண தரத்தில் எல்லோரும் படித்தது. இந்த வோல்ற்றளவு பிளக்கின் நுனியில் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே வந்து நிற்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவு.

அந்த இடைவெளியில் இருப்பது பெற்றோல் ஆவி கலந்த வளி. வளி ஒரு காவலி. மின்சாரம் அதற்குள் எப்படிப் போகிறது?

வளியில் எப்போதும் ஒன்றிரண்டு இலத்திரன்கள் தனியாகத் திரியும். விண்ணிலிருந்து ஓயாமல் வந்து விழும் அண்டக்கதிர்களும், மண்ணிலுள்ள இயற்கையான கதிர்த்தொழிற்பாடும் அவற்றைப் பிரித்துவிடுகின்றன. மின்வாயின் கூரான விளிம்பிலிருந்தும் சில பிடுங்கப்படும். அப்படியான ஓர் இலத்திரனை மின்புலம் இழுக்கிறது. அது ஓடத் தொடங்கி, வேகம் கூடி, ஒரு மூலக்கூறில் மோதுகிறது. ஓடிய தூரத்தில் போதிய சக்தி சேர்ந்திருந்தால், மோதிய மூலக்கூறிலிருந்து இன்னொரு இலத்திரன் கழன்று வரும். ஒட்சிசனுக்கு 12 இலத்திரன்வோல்ற்று (இந்த அளவில் சக்தியை அளக்கும் அலகு) வேண்டும், நைதரசனுக்கு 15.6. இப்போது இரண்டு இலத்திரன். இரண்டும் ஓடி, மோதி, நான்கு. முப்பது தடவை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய ஒரு பங்குக்குள், காவலியாக இருந்த வளி கடத்தியாகி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஓர் இழை பிறக்கிறது. அதுதான் பொறி.

எல்லாம் தங்கியிருப்பது ஒன்றில்: இரண்டு மோதலுக்கு நடுவே அந்த இலத்திரனுக்கு எவ்வளவு ஓட இடம் கிடைக்கிறது?

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு பிள்ளை அங்கே முழு வேகத்தில் ஓடலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று இரண்டு அடி வைப்பதற்குள் ஒரு தோளில் முட்டும். வேகம் பிடிக்கவே முடியாது. வளி நெருக்கமானால் இலத்திரனுக்கும் அதே நிலைதான். மோதுகிறது, ஆனால் சக்தி போதாது, ஒன்றும் கழன்று வராது. அந்தக் குறுகிய ஓட்டத்திலேயே போதிய சக்தி சேர வேண்டுமானால் இழுக்கும் புலம் பலமாக வேண்டும், அதாவது கூடுதல் வோல்ற்று. வளியின் நெருக்கமும் இடைவெளியின் நீளமும் சேர்ந்தே பொறிக்கு வேண்டிய வோல்ற்றளவைத் தீர்மானிக்கின்றன என்று 1889 இல் பாஷன் என்ற ஜேர்மன் அறிஞர் அளந்து காட்டினார்.

இப்போது ஜீப்புக்கு வருவோம். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது வளி போகும் வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் போவது, முழுக்கத் திறந்தால் போகும் வளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பிஸ்டன் நசுக்கினாலும் கூட்டம் குறைவு. பொறி இலகுவாகப் பாயும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போதும் அப்படித்தான். பதினெட்டு வளைவில் அக்ஸிலேட்டரை அழுத்துகிறீர்கள். வாசல் முழுக்கத் திறக்கிறது. சிலிண்டருக்குள் மூன்று மடங்கு கூட்டம். புதிய பிளக்குக்குச் சும்மா நிற்கையில் 10,000 வோல்ற்றுக்குள் முடிந்த வேலை இப்போது 20,000 ஐத் தாண்டும். பிளக் தேய்ந்து இடைவெளியும் அகன்றிருந்தால் கொயில் தரக்கூடியது போதாது. அந்தச் சுற்றில் பொறி இல்லை. அந்தச் சிலிண்டர் ஒரு தவணை சும்மா போகிறது, வண்டி குலுங்குகிறது. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் சூடாக்கிக் கெடுக்கும்.

மாமாவின் ஜீப்பில் மறைந்திருந்த மூன்று பிளக்குகளையும் இடைவெளி அளக்கும் தகடு வைத்துப் பார்த்தோம். 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடம் 1.5 ஆகியிருந்தது. எத்தனை பொறியில் இது நடந்திருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 2,000 சுற்று, மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு பிளக்கில் 1,000 பொறி. 40,000 கிலோமீற்றருக்கு நான்கு கோடி. தேய்ந்த 0.4 மில்லிமீற்றரை நான்கு கோடியால் வகுத்தால், ஒரு பொறிக்குத் தேய்வது மின்வாயிலுள்ள ஒரு நிக்கல் அணுவின் தடிப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதாவது சராசரியாக இருபத்தைந்து பொறிக்கு ஓர் அணு அடுக்கு உரிகிறது. கராஜ் தரையில் எண்ணெய் படிந்து கிடந்த அந்தத் துண்டு உலோகத்தில் அணு அணுவாக உரிந்த கணக்கு எழுதியிருக்கிறது என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

விளிம்பும் மழுங்கிவிடுகிறது. கூரான விளிம்பில் மின்புலம் குவியும், மழுங்கினால் குவியாது. அதனால் இன்னும் வோல்ற்று வேண்டும். இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசிபோல இருப்பது இதற்காகத்தான். இரிடியம் உருக 2,400 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால் அந்த ஊசி மழுங்கவும் நாளாகும். மேல்பாகத்தைக் கழற்றித்தான் மாற்ற வேண்டிய எஞ்சினுக்கு விலை கூடினாலும் இரிடியமே போடுங்கள்.

எங்கள் கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடும் வண்டியில் உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். பிளக்கை மூடும் இறப்பர் உறை வெடித்திருந்தால், நெருக்கமான சிலிண்டருக்குள் பாய்வதைவிட அந்த ஈரத்தின் வழியே வெளியே பாய்வது மின்சாரத்துக்கு இலகு. ஆகவே உறைகளையும் பாருங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கும் பிரதேசம் இது. உப்புக்காற்று நம் வண்டிகளையும் கூரைத் தகடுகளையும் எப்படி அரிக்கிறது என்ற ஆய்வுக்குத் தொடர்ந்து காசு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உலோகத் துண்டுகளைக் கல்லடிக் கரையிலும், கரையிலிருந்து உள்ளே தள்ளிச் செங்கலடியிலும், இன்னும் உள்ளே மகாஓயாவிலும் தொங்கவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதில் தொடங்கலாம்.

கண்ணூறு கழிப்பது வீட்டாரின் அன்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று என்று பிளக்கைத் தள்ளிப்போட்டால், வளைவில் வண்டி இழுக்காமல் நிற்கும்போது பின்னால் லொறி வரும். காரணம் தெரிந்த பழுதுக்கு அந்தக் காரணத்தைத்தான் கழற்றி மாற்ற வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினிய மரை உரியும். கூட்டைக் கழற்றியதும் திறந்திருக்கும் வளித்துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்கச் சொல்லுங்கள், ஒரு நட் உள்ளே விழுந்தால் எஞ்சினே போய்விடும். பிளக்கைச் சுழற்றுமுன் குழிக்குள் கிடக்கும் மணலைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அந்த வயதான மெக்கானிக் செய்த ஒன்றை நான் மறக்கவில்லை. புதிய பிளக்கின் தலையில் ஒரு சாண் நீள இறப்பர் குழாய்த் துண்டைச் செருகி, அதைப் பிடித்தே விரல்களால் மெல்லச் சுழற்றி இறக்கினார். மரை கோணலாக ஏறினால் இறப்பர் வழுக்கிவிடும், அலுமினியம் தப்பிவிடும். கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான் சாவியை எடுத்தார். கூட்டை மாட்டும்போது புதிய கஸ்கெட் போட வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் வளி கசியும்.

அப்புறம், கழற்றிய பழைய பிளக் ஆறையும் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். ஒரு வருடம் ஓடிய மூன்றும் உங்களிடம் பொய் சொன்ன மூன்றும் வேறுவேறாக இருக்கும். நடுமுனையின் விளிம்பை நகத்தால் தடவினாலே தெரியும்.