‘டிக்’ என்றால் வலிப்பு அல்ல

டுரெட் சிண்ட்ரோம் என்ற நோயைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில், ‘வோக்கல் டிக்’ என்பதை மறுபடியும் ‘குரல் வலிப்பு’ என்று எழுதியிருப்பதைப் படித்தேன். பிள்ளை அடிக்கடி தொண்டையைச் செருமுவதற்கு இப்படி ஒரு பெயர்!

டுரெட் என்பது ஆளின் பெயர். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கில் த லா டுரெட். நோய்க்கு அவர் பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் ஷார்கோ. ‘சிண்ட்ரோம்’ கிரேக்கச் சொல், சேர்ந்து ஓடுவது என்று பொருள். கூட்டறிகுறி என்கிறோம், சரிதான். ‘டிக்’கும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. தகராறு அதில்தான்.

கண் சிமிட்டல், தோள் குலுக்கல், மூக்குறிஞ்சல், செருமல் எல்லாம் திடீர் திடீரெனத் திரும்பத் திரும்ப வந்தால் டிக். அசைவில் பலவும் ஒலியில் ஒன்றாவதும், 18 வயதுக்குள் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் டுரெட். வலிப்பு மூளையின் மின்னோட்டக் கோளாறு, அடக்கி வைக்க முடியாது. டிக்கைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், நினைவும் தப்பாது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பெற்றோர் பதறத்தானே செய்வார்கள்?

‘அனிச்சைச் செயல்’ என்பார் இன்னொரு சாரார். கேட்க நல்ல தமிழ். ஆனால் அது சூடு பட்டதும் கை தானே விலகுவதற்குப் பள்ளிப் பாடத்திலேயே கொடுத்துவிட்ட சொல். டிக் அப்படியல்ல. தும்மலுக்கு முன் மூக்கில் ஏறுமே ஒரு குறுகுறுப்பு, அதுபோல ஓர் உந்துதல் பெரும்பாலும் முதலில் வரும், செய்துவிட்டால் தணியும். சிகிச்சையே அதைப் பிடித்துத்தான் நடக்கிறது. உந்துதல் தெரிந்ததும் அதற்கு எதிரான வேறொரு அசைவைச் செய்யப் பழக்குகிறார்கள். போதாவிட்டால் குளோனிடின், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகள். அனிச்சை என்று எழுதினால் இந்தப் பயிற்சி எதற்கென்றே வாசகருக்குப் புரியாது.

அதனால் நான் உந்தசைவு, உந்தொலி என்கிறேன். புதுச்சொல் தொண்டையில் சிக்கினால் டிக் என்றே எழுதுங்கள், தமிழ் ஒன்றும் கரைந்துவிடாது. தூய்மை பார்த்துத் தப்பான சொல்லைப் போடுவதுதான் எரிச்சல்.

டுரெட்டுக்குக் காரணம் எழுதும்போதும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஏதாவது போட்டுவிடுகிறார்கள். பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியான அடித்தள முடிச்சுகளும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளும் சம்பந்தப்பட்டவை. தளர்ச்சி எங்கிருந்து வந்தது? அப்புறம் ‘கெட்ட வார்த்தை நோய்’ என்று ஒரு தலைப்பு! அப்படி வசைச்சொல் வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இந்தத் தலைப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது.