தடுப்பூசிக்கு முன்பு இனத்தைப் பாருங்கள்

நாயோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை பற்றித்தான். தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்தால், இனம் என்ற கட்டத்தில் ‘பிட்புல் கலப்பு’ என்று யாரோ போகிற போக்கில் கிறுக்கியிருப்பார்கள். விட்டுப்போன ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் போகும் நாடு உள்ளே விடாத இனத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது.

ஒரே நாய் ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு விதமாக நடத்தப்படும். ராட்வைலருக்குப் பிரிட்டனில் தடை இல்லை. சிங்கப்பூரில் நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம்: கருத்தடை செய்திருக்க வேண்டும், குறைந்தது 1,00,000 சிங்கப்பூர் டாலருக்குக் காப்பீடு வேண்டும், வெளியே வாய்க்கவசம் கட்டாயம். ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அதைக் கொண்டுபோகவே முடியாது. விசுவாசமான நாய் என்று பெயரெடுத்த ஜப்பானிய அகிடாவும் சிங்கப்பூரின் தடைப் பட்டியலில் இருப்பது பலருக்கு அதிர்ச்சி. ஆஸ்திரேலியா பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, பிரெசா கனாரியோ ஆகியவற்றை இறக்குமதி செய்ய விடுவதில்லை. ஜெர்மனியின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் புல் டெரியரையும் தடுக்கிறது. அதற்கு மேல் மாநிலங்களுக்கென்று தனி விதிகள் வேறு.

பிரிட்டனில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்குள்ள 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் பார்ப்பது ‘வகை’யை, அதாவது உடல் தோற்றத்தை. பெற்றோர் யார், மரபணுப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். தலை, மார்பு, கால் அளவுகள் தடை செய்யப்பட்ட வகையோடு பொருந்தினால் அதுவும் தடை செய்யப்பட்ட நாய்தான். அப்படித் தடை செய்யப்பட்ட வகைகளில் ஒன்றான, பெரிய உடல்கொண்ட எக்ஸ்எல் புல்லிக்கான அரசு வரையறையில் வளர்ந்த ஆண் நாயின் தோள் உயரம் 51 சென்டிமீட்டரிலிருந்து தொடங்குகிறது. நாடாவை எடுத்து உங்கள் நாயை அளந்து பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அந்த வகையை வைத்திருப்பதே குற்றம்.

‘லாப்ரடார் கலப்பு என்று எழுதிக் கொடுங்களேன், டாக்டர்’ என்று கெஞ்சுபவர்கள் உண்டு. எழுத மாட்டேன். என் கையெழுத்து ஒருபுறம் இருக்கட்டும். இறங்கும் இடத்தில் அதிகாரி பார்ப்பது நாயை. சான்றிதழும் நாயும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் செலவில் திருப்பி அனுப்புவார்கள். சில இடங்களில் கருணைக்கொலை வரைக்கும் போகும்.

இனத்தை வைத்து ஆபத்தை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நெதர்லாந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிட்புல் தடையை நடத்திப் பார்த்துவிட்டு, கடிகள் குறையவில்லை என்று கைவிட்டது. ஆனால் குடியேற்றக் கவுண்டரில் நின்று இதை வாதிட்டுப் பயனில்லை. ‘எங்கள் நாய் யாரையும் கடித்ததே இல்லை’ என்பதும் அங்கே எடுபடாது.

சந்தேகம் இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நாயின் பக்கவாட்டுப் படம், நேர்முகப் படம், தோள் உயரம், எடை எல்லாவற்றையும் இணைத்து, போகும் நாட்டின் இறக்குமதி அதிகாரிகளுக்கு எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் யாரோ ‘பரவாயில்லை’ என்று சொன்னதை நம்ப வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும். இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் தனித்தனி விதிகள் உண்டு, அவற்றையும் விசாரியுங்கள். அனுமதி இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், வேறு நாட்டையோ வேறு வேலையையோ யோசிக்கலாம். அல்லது நாய் ஏற்கெனவே பழகிய ஒரு வீட்டில் அதை விட்டுப் பார்த்து, ஒட்டிக்கொள்கிறதா என்று கவனிக்கச் சில மாதங்களாவது கிடைக்கும்.