சூட்டில் உருவாகும் பிடிமானம்: பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே நடப்பது என்ன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அன்றாடம் ஓட்டும் காரையே பந்தயத் தளத்தில் நடந்த டிராக் டேவுக்குக் கொண்டுபோனேன். முதல் சில சுற்றுகள் பிரேக் அருமையாகப் பிடித்தது. அப்புறம் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையவில்லை. எந்த பேட் வாங்கலாம்?"

டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு; பேட் என்பது அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டு. பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தது என்கிறார். அது மெத்தென்று உள்ளே இறங்கியிருந்தால் கோளாறு பேடில் இல்லை, பிரேக் ஆயிலில். வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும்; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 155 இருந்தால் போதும் என்கிறது அதே தரவிதி. ஆயிலின் அழுத்தத்தால் பேடை டிஸ்கின் மேல் தள்ளும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தைச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பேடைப் போட்டாலும் பயன் இல்லை.

நம் வாசகருக்கு நடந்தது வேறு. அழுத்தம் பேட் வரைக்கும் ஒழுங்காகப் போயிருக்கிறது. பேட்தான் டிஸ்கைப் பிடிக்க மறுத்திருக்கிறது.

முதலில் சூட்டின் அளவைப் பார்த்துவிடுவோம். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 50 மீட்டரில் போகிறது. வளைவுக்கு முன் 72 கி.மீ.க்குக் குறைக்கிறோம். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தைப் போட்டால், சுமார் 13.6 லட்சம் ஜூல் ஆற்றலை மூன்று நொடிக்குள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அதில் ஏறத்தாழ எழுபது சதவீதம் முன்சக்கரங்களின் பங்கு. முன் டிஸ்க் ஒன்று 8 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே பிரேக்கில் அதன் வெப்பநிலை 125 டிகிரி அளவுக்கு ஏறும். அதே கார் நகரத்தில் 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுமையாக நின்றால் ஏறுவது பதினாறு டிகிரிதான். வேகத்தின் இருமடி செய்யும் வேலை இது. பந்தயத் தளத்தில் ஒரு சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். காற்றுக்குப் போகும் வெப்பமும் பிரேக்கில் சேரும் வெப்பமும் சமமாகும் வரை டிஸ்க் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சமநிலை சில கார்களில் 350 டிகிரியில் வரும், சில கார்களில் 600-ஐத் தாண்டும். இருட்டில் பார்த்தால் இரும்பு மங்கலான சிவப்பில் ஒளிரத் தொடங்குவது ஏறக்குறைய 525 டிகிரியில்.

இத்தனை சூட்டில் பேடும் டிஸ்கும் உரசும் இடத்தில் என்ன நடக்கிறது? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உராய்வு விசை தொடும் பரப்பைச் சார்ந்ததல்ல, அழுத்தும் விசையைச் சார்ந்தது என்று 1699-ல் பிரெஞ்சு அறிவியலாளர் அமோந்தோன் சொன்னதைப் படித்திருப்போம். அது ஏன் என்று பிரேக் பேடைப் பார்த்தால் புரியும். உள்ளங்கை அளவு பேட் முழுவதும் டிஸ்கில் படிந்து உரசுகிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் தொடுவது அதில் சிறு பகுதி மட்டுமே. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அழகாகக் காட்டினார்கள். இரும்பு டிஸ்குக்குப் பதிலாகச் சுழலும் கண்ணாடி வட்டின் மேல் பேடை அழுத்தி, கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து உருப்பெருக்கி வழியாகப் படம் பிடித்தார்கள். பேடின் பரப்பில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 50 முதல் 500 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம், சுற்றியுள்ள பரப்பைவிடச் சில மைக்ரான் மட்டுமே உயரம். டிஸ்கைத் தொட்டவை இந்த மேடுகள்தான். மொத்தப் பரப்பில் இவற்றின் பங்கு பதினைந்து, இருபது சதவீத அளவுதான்.

இந்த மேடுகள் உருவாகும் விதம் இன்னும் அழகு. பேட் ஒரு கலவை: எஃகு, அராமிட் போன்ற இழைகள், அலுமினா போன்ற கடினத் துகள்கள், கிராஃபைட் போன்ற வழுக்கும் பொருள்கள், இடத்தை நிரப்பும் பேரியம் சல்ஃபேட், எல்லாவற்றையும் பிணைக்கும் ஃபீனாலிக் பிசின். உரசலில் மென்மையான பகுதி முதலில் தேயும். கடினமான இழையின் முனை தேயாமல் நிற்கும். தேய்ந்த தூள் டிஸ்கோடு இழுபட்டு வந்து, ஆற்றில் பாறை குறுக்கிட்ட இடத்தில் வண்டல் ஒதுங்குவதுபோல, அந்த இழை முனையின் முன்னால் சேர்கிறது. சேர்ந்த தூளை அழுத்தமும் சூடும் இறுக்கி, கெட்டியான திட்டாக்குகின்றன. இப்போது சுமையைத் தாங்குவது இழையும், அதை ஒட்டி வளர்ந்த இந்தத் தூள் திட்டும்தான். கொஞ்ச நேரத்தில் இழை பிடுங்கிக்கொண்டு போகும். ஆதாரம் இழந்த திட்டு சிதையும். வேறு இடத்தில் வேறு மேடு வளரும். ஒரு பிரேக் பிடிக்கும் நேரத்துக்குள் இந்த ஆக்கமும் அழிவும் பேட் முழுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன.

தூளில் ஒரு பகுதி டிஸ்கின் மேலும் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்கிறது. நன்றாகப் பதமான டிஸ்கில் கீறல் இல்லாத, ஒரே சீரான நீலம் கலந்த சாம்பல் நிறத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அது இந்தப் படலம்தான். ஆகவே பேட் உரசுவது வெறும் இரும்போடு அல்ல. பெரும்பாலும் தன் சொந்தப் பொருள் பூசிய பரப்போடு. இரண்டு பக்கமும் ஒரே வகைப் பொருள் இருப்பதால் ஒட்டிக்கொள்வதும் அறுபடுவதுமான உராய்வு கிடைக்கிறது. டிஸ்கைச் சுரண்டிக் கிடைக்கும் உராய்வைவிட இது சீரானது, தேய்மானமும் குறைவு.

வாசகரின் பேடுக்கு நேர்ந்ததை இப்போது சொல்லிவிடலாம். சாலைப் பேடைப் பிணைத்திருக்கும் ஃபீனாலிக் பிசின், 1907-ல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்லைட்டின் வம்சம். ஏறக்குறைய 300 டிகிரியைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கி வாயுவைக் கக்கும். இழையைப் பிடித்து நிறுத்தப் பிசின் இல்லாவிட்டால் மேடு நிற்காது. மேடு இல்லாவிட்டால் தூள் சேர இடமில்லை. புதிதாக உருவாவதைவிடச் சிதைவது வேகமாகிவிட, உராய்வுக் குணகம், அதாவது அழுத்தும் விசைக்கு எவ்வளவு உராய்வு விசை கிடைக்கிறது என்ற விகிதம், சரிகிறது. கால் அதே விசையைத்தான் கொடுக்கிறது, நிறுத்தும் திறன்தான் இல்லை.

பந்தயப் பேடில் பிசின் குறைவு, உலோகமும் கார்பனும் அதிகம். சிலவற்றில் உலோகத் தூளைச் சூளையில் சுட்டே பிணைத்திருப்பார்கள். 600 டிகிரியிலும் இவற்றின் மேடுகள் நிற்கும். ஆனால் 80 டிகிரியில் படலம் உருவாகாது. குளிர்ந்த பந்தயப் பேட் டிஸ்கைச் சுரண்டும், கிறீச்சிடும், முதல் சில பிரேக்குகளில் சரியாகப் பிடிக்காது. கடைத்தெருவில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு முன்னால் இதை நம்பி ஓட்டக் கூடாது. சாலைக்கும் தளத்துக்கும் ஒரே பேட் என்ற விளம்பரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றுவதுதான் சரி.

எனவே "எந்த பேட் நன்றாகப் பிடிக்கும்?" என்று தொடங்குவதைவிட "என் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது?" என்று தொடங்குங்கள். இதை அளக்க எளிய வழி வெப்பம் காட்டும் பெயின்ட். டிஸ்கின் வெளி விளிம்பில் மூன்று நிறத்தில் பூசுவார்கள்: பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் நடுத்தர டிராக் பேட் போதும். மூன்றும் மாறியிருந்தால் முழுப் பந்தயக் கலவை வேண்டும், டிஸ்கை ஆற்றக் கூடுதல் காற்றும் வேண்டும். எடை குறைந்த கார், சாதாரண டயர் என்றால் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிடுவீர்கள். பிடிமானம் மிகுந்த டயருக்கு மாறினால் வளைவிலிருந்து வேகமாக வெளியே வருவீர்கள், அடுத்த வளைவுக்குத் தாமதமாகப் பிரேக் பிடிப்பீர்கள். அப்போது டிஸ்கின் கணக்கு வேறாகிவிடும்.

பேடின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துக் குறியீட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. எஃப் என்றால் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது அதிகச் சூட்டுக்கு. ஆனால் ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யும் அந்தச் சோதனையின் அதிகச் சூடு 345 டிகிரிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தளத்தில் நடப்பதைப் பற்றி அது எதையும் சொல்லாது. தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை, உராய்வு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கோட்டின் உச்சியைப் பார்க்காதீர்கள். உங்கள் டிஸ்க் ஓடும் சூட்டில் கோடு தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். குணகம் கூடினால் கால் வலி குறையும், அவ்வளவுதான். நிற்கும் தூரத்தின் எல்லையை வகுப்பது டயர். முன்பக்கம் மட்டும் வீரியமான பேடைப் போட்டால் முன், பின் சமநிலையும் குலையும்.

படலத்தைப் புரிந்துகொண்டால் இன்னொரு நம்பிக்கையும் உடையும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான நேரங்களில் டிஸ்க் வளைவதே இல்லை. ஓட்டம் முடிந்து கொதிக்கும் சூட்டோடு வந்து, பெடலை மிதித்தபடியே நின்றால், பேடின் பொருள் டிஸ்கில் ஓரிடத்தில் தடிப்பாகப் படிந்துவிடும். அந்தத் திட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் காலை உதைக்கும், மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகும், மேலும் தடிக்கும். நல்ல டிஸ்க்குகளை இப்படிக் குப்பையில் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு கைப்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

உராய்வு ஆராய்ச்சிக்கு இன்னும் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் ஏறத்தாழ 23 சதவீதம் உராய்வாலும் தேய்மானத்தாலும் போகிறது என்று 2017-ல் ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற உராய்வு ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். பேடிலிருந்து பறக்கும் தூளும் நம் நுரையீரலுக்குள்தான் போகிறது. வாகன மாசைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் யூரோ 7 விதி முதல் முறையாக அதற்கும் வரம்பு வைத்திருக்கிறது. எந்தக் கலவை எப்படி மேடு கட்டும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முழுமையான கோட்பாடு நம்மிடம் இல்லை. பேட் தயாரிப்பு இன்றும் பெருமளவு செய்து பார்த்துத் திருத்தும் கலையாகவே இருக்கிறது.

புதுப் பேடை மாட்டியதும் அதைப் பதப்படுத்த வேண்டும். முந்தைய பேட் வேறு கலவை என்றால் அதன் படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிறகு மிதமான வேகத்திலிருந்து, முழுமையாக நிறுத்தாமல், அடுத்தடுத்துச் சில பிரேக்குகள். படிப்படியாகக் கடினமாக இன்னும் சில. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுதல். பிசினில் மிச்சமிருக்கும் வாயு வெளியேறவும் டிஸ்கில் படலம் சீராகப் பூசவும் இதுதான் வழி.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பேடின் தடிமனைப் பாருங்கள். டிஸ்கின் சூடு காலிப்பருக்குப் போகாமல் தடுப்பது அந்தத் தடிமன்தான். பாதி தேய்ந்த பேட் இன்னும் பிடிக்கும், ஆனால் சூட்டை முன்னைவிட வேகமாக ஆயிலுக்குக் கடத்தும். தளத்துக்குப் போகும் நாளில் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால், மாற்றிவிட்டே போங்கள்.