மெடேயாவின் பிள்ளைகளைக் கொன்றது யார்?

கிரேக்கக் கதைகளோடு கொஞ்சம் பழக்கம் உள்ள யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பெற்ற தாயே கொன்றாள். கணவன் ஜேசன் தன்னைக் கைவிட்டுக் கிரேக்க நகரமான கொரிந்தின் அரசனின் மகளை மணக்கப் போனதால், அவனைப் பழிவாங்க மெடேயா தன் இரண்டு மகன்களையும் வெட்டினாள்.

இந்தப் பதில் நிலைபெற்றது, ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'மெடேயா' அரங்கேறிய கி.மு. 431க்குப் பிறகு. அதற்கு முன்பு வேறு கதைகள் புழங்கின. ஒன்றில், பிள்ளைகளுக்குச் சாகாவரம் கிடைக்கும் என்று நம்பி மெடேயா அவர்களைப் பெண்தெய்வம் ஹீராவின் கோயிலில் மறைக்கிறாள். அது பலிக்காமல் பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். இன்னொன்றில், அவள் அரசன் கிரியோனைக் கொன்றுவிட்டு ஓடுகிறாள். ஹீராவின் கோயிலில் அடைக்கலமாக விட்டுப்போன பிள்ளைகளை அரசனின் உறவினர்கள் கொன்று, பழியைத் தாய்மேல் போடுகிறார்கள். கொரிந்தில் இதற்கு ஒரு சடங்கும் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் நினைவாக ஊர்ச் சிறுவர் சிறுமியர் தலைமுடியை வெட்டிக்கொண்டு கறுப்பு உடை அணிந்தார்கள். ரோமானியர்கள் கொரிந்தை அழித்து, பின்னர் வேறு மக்களைக் குடியேற்றிய பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார்.

இத்தனை வடிவங்கள் எப்படி ஒன்றாக வாழ்ந்தன? கிரேக்கர்களிடம் தொன்மங்களுக்கென்று ஒரே புனித நூல் கிடையாது. ஊருக்கு ஊர் கோயில் வேறு, சடங்கு வேறு, அதை விளக்கும் கதையும் வேறு. கவிஞன் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மாற்றவும் செய்யலாம். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. வழிவழியாக வந்த கதையின் அடிப்படையைக் கலைக்கக் கூடாது, கிளைட்டம்னெஸ்ட்ரா தன் மகன் ஒரெஸ்டஸின் கையால்தான் சாக வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். அதே இடத்திலேயே, கவிஞன் தானும் புனைய வேண்டும், கிடைத்ததைத் திறமையாகக் கையாள வேண்டும் என்றும் சொல்கிறார். எதை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது என்ற இந்தக் கணக்கில்தான் மறுகூறலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது.

யூரிப்பிடீஸ் அந்தக் கணக்கைப் போட்ட விதத்தைப் பாருங்கள். பிள்ளைகள் கொரிந்தில் சாகிறார்கள். அதை அவர் தொடவில்லை. கல்லறை ஹீராவின் கோயிலில் இருக்கிறது, அதையும் தொடவில்லை. நாடகத்தின் முடிவில் மெடேயாவே, பிள்ளைகளை அங்கே புதைப்பேன், அவர்களுக்காகக் கொரிந்தில் ஒரு சடங்கை ஏற்படுத்துவேன் என்கிறாள். ஊரார் கண்ணால் பார்க்கும் கல்லறையும் சடங்கும் அப்படியே இருக்க, கொன்ற கை மட்டும் மாறுகிறது. நியோஃப்ரான் என்ற கவிஞர் இதில் அவரை முந்திக்கொண்டார் என்று பழங்காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. ஆனாலும் இந்த மாற்றம் யூரிப்பிடீஸுடையது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கொரிந்துக்காரர்கள் யூரிப்பிடீஸுக்கு ஐந்து தாலந்து என்ற பெருந்தொகையைக் கொடுத்துத் தங்கள்மீதிருந்த பழியை மாற்றச் சொன்னார்கள் என்று பழைய உரைக்குறிப்பு ஒன்றில் ஒரு வதந்தி இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஏதென்ஸில் இந்த நாடகம் அரங்கேறிய அதே ஆண்டில், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டா அணிக்கும் இடையே பெலோபொனேசியப் போர் தொடங்கியது. கொரிந்து எதிரி முகாமில் இருந்தது. அந்த நேரத்தில் எதிரியின் பெயரைக் காப்பாற்றப் பணம் வாங்கியிருப்பாரா? காரணம் நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. அயலார் கொன்றால் தாய்க்கு அழ மட்டுமே முடியும். அவளே கொல்லத் துணியும்போது, கொல்வதா வேண்டாமா என்று தனக்குள்ளேயே வாதாடும் ஒரு மனம் மேடைக்குக் கிடைக்கிறது. அன்றைய போட்டியில் அந்த நாடகத் தொகுதிக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த முடிவையே எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு இப்படி உறைந்துவிட்டால் அடுத்த கவிஞன் என்ன செய்வான்? கதையை வேறு இடத்தில் தொடங்குவான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் அப்பொல்லோனியஸ் தன் காவியத்தில் மெடேயாவின் பிறந்த ஊரான கோல்கிஸுக்குத் திரும்பிப் போனார். அங்கே மெடேயா இன்னும் தந்தை வீட்டில் இருக்கும் இளம்பெண். தங்க ரோமம் கொண்ட ஆட்டுத்தோலைத் தேடி வந்த ஜேசனைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவள். ஜேசன் அவளிடம் உதவி கேட்கிறான். மனத்தைக் கரைக்க ஒரு கதையையும் சொல்கிறான்: அரியாட்னி என்ற பெண் தீசியஸ் என்ற வீரனுக்கு உதவினாள், இன்று வானில் அவள் கிரீடம் விண்மீன்களாக ஒளிர்கிறது என்று. தீசியஸ் அவளை ஒரு தீவில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனதை மட்டும் சொல்லாமல் விடுகிறான். மெடேயாவுக்கு அது தெரியாது, படிப்பவருக்குத் தெரியும். கொரிந்து என்ற பெயரே வராத அந்தக் காட்சியில் கொரிந்து முழுவதும் வந்து நிற்கிறது. புதுக்கதையால் இதைச் செய்ய முடியாது. கேட்பவர் முன்பே அறிந்த கதையால் மட்டுமே முடியும்.

ரோமானியக் கவிஞர்கள் அளவையும் அழுத்தத்தையும் மாற்றினார்கள். ஓவிட், மெடேயாவின் காதல் தயக்கத்துக்குப் பல வரிகள் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் சாவைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். மெடேயா பார்வையாளர்கள் முன்னால் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்று ஹோரஸ் நாடகத்துக்கு விதி சொன்னார். பிறகு வந்த செனெக்கா வேண்டுமென்றே மீறுகிறார்: அவருடைய மெடேயா கூரைமேல் நின்றுகொண்டு, கீழே ஜேசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மகனைக் கொல்கிறாள். 'இப்போதுதான் நான் மெடேயா' என்று அவள் அறிவிக்கும் இடமும் அந்த நாடகத்தில் உண்டு. தனக்கு முன் எழுதப்பட்ட எல்லா மெடேயாக்களையும் அவளே படித்திருக்கிறாள் என்று தோன்றும்.

ஒரு தொன்மம் இவ்வளவு பெயர் பெற்ற பிறகு அதற்கு வேறொரு வேலையும் வந்துசேர்கிறது. நிஜ மனிதர்கள்மேல் அது ஒட்டப்படுகிறது. 1856இல் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிய மார்கரெட் கார்னர், பிடிபடும் தறுவாயில் தன் மகளைக் கொன்றார். 1867இல் அந்தக் காட்சியைக் காட்டும் ஓவியம் ஒன்று 'நவீன மெடேயா' என்ற பெயரில் பரவியது. அந்தப் பெயர் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். கார்னர் யாரையும் பழிவாங்கவில்லை. மகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். தெரிந்த கதையை ஒட்டினால் நிஜம் சட்டென்று விளங்கிவிட்டதுபோல் தோன்றும், ஆனால் முக்கியமானது உள்ளே மறைந்துபோகும்.

1996இல் முன்னாள் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டா வோல்ஃப் எழுதிய நாவல் எதிர்த்திசையில் போனது. யூரிப்பிடீஸுக்கு முந்தைய வடிவங்களைத் தேடிப் படித்துவிட்டு, கொலையை மீண்டும் ஊரின் கையில் கொடுத்தார். அவருடைய மெடேயா யாரையும் கொல்வதில்லை. கொரிந்து தன் அரண்மனைக்கு அடியில் புதைத்த ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள், அதனால் பலிகடாவாகிறாள். கதையை ஆறு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். அரசியலில் ஊறிய வானியலாளனும், பொறாமை பிடித்த பழைய மாணவியும் பேசும்போது, ஒரு பொய் எப்படி ஊர்வழக்காகிறது என்பதை நாம் உள்ளிருந்தே பார்க்கிறோம். அந்தக் கோயில் சடங்கு இங்கேயும் வருகிறது. ஆனால் யூரிப்பிடீஸிடம் தாய் ஏற்படுத்திய அதே சடங்கை, இங்கே தாய்தான் கொலைகாரி என்று ஊர் நம்புவதற்காகக் கொரிந்துக்காரர்களே ஏற்படுத்துகிறார்கள்.

படிக்க நினைப்பவர்கள் யூரிப்பிடீஸிடமிருந்து தொடங்குங்கள், அப்புறம் வோல்ஃபுக்கு வாருங்கள். மாற்றிப் படித்தால் வோல்ஃப் எதைத் திருப்பிப்போட்டார் என்பது பிடிபடாது.