கிளை அலுவலகத்தின் வாசலில்: மொடியூலர் ரவுட்டர் இயங்கும் விதம்

கொழும்பு புறக்கோட்டையில் தலைமை அலுவலகமும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் ஆகிய ஊர்களில் கிளைகளும் கொண்ட ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளைக்கு ஒளியிழை இணைப்பு கிடைத்திருக்கலாம். இன்னொன்றில் செப்புக் கம்பி வழியே வரும் ஏ.டி.எஸ்.எல். மட்டுமே இருக்கலாம், மலைநாட்டுக் கிளை 4ஜி இணைப்பை நம்பியிருக்கலாம். இருப்புக் கணக்கு, விற்பனைப் பதிவு, தொலைபேசி அழைப்பு அனைத்தும் இந்த வெவ்வேறு தடங்கள் வழியே கொழும்பை வந்தடைய வேண்டும். நாளை ஒரு கிளையின் தடம் மாறினால் அங்குள்ள ரவுட்டரையே தூக்கி எறிய வேண்டுமா என்ற கேள்விக்கு விடையாகவே மொடியூலர் ரவுட்டர் உருவானது.

எந்த ரவுட்டரும் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான்: வந்துசேரும் ஒவ்வொரு தரவுப் பொதியின் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டின்) சேருமிட முகவரியைத் தன் வழி அட்டவணையுடன் ஒப்பிட்டு, மிக நெருக்கமாகப் பொருந்தும் வழியில் அதை அனுப்புகிறது. இந்த முடிவுக்கும், பொதி ஒளியாக வந்ததா, மின்னழுத்தமாக வந்ததா, வானொலி அலையாக வந்ததா என்பதற்கும் தொடர்பில்லை. மொடியூலர் ரவுட்டர் இந்த இரண்டையும் வெவ்வேறு பாகங்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. செயலி, நினைவகம், இயங்குதளம் ஆகியவை பெட்டியினுள் நிலையாக இருக்க, வெளித்தடத்தின் சமிக்ஞையைப் பொதிகளாக மாற்றும் பகுதி மட்டும் பின்புற ஸ்லொட்டில் செருகப்படும் மொடியூலாக அமைகிறது. நொடிக்கு 2.048 மெகாபிட் கடத்தும் ஈ1 என்ற டிஜிட்டல் தொலைபேசித் தடத்துக்கான மொடியூலைக் கழற்றி ஒளியிழைக்கான மொடியூலைப் பொருத்தினால், ரவுட்டரின் அமைப்புக் கட்டளைகளில் வெளித்தடம் சார்ந்த சில வரிகளை மட்டும் மாற்றினால் போதும். கிளையின் உள்முகவரிகளும் பாதுகாப்பு விதிகளும் அப்படியே இருக்கும்.

சிஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டு 1800, 2800, 3800 வரிசைகளை வெளியிட்டபோது, குரல் அழைப்பு, குறியாக்கம் (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்தல்), ஆளி (கிளையின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச்) ஆகிய வேலைகளும் இதே பெட்டிக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தன. என் பார்வையில் கிளை அலுவலகத்துக்கு இதன் உண்மையான பயன் தடம் அறுபடும் வேளையில்தான் தெரிகிறது.

ஒளியிழை மொடியூலுடன் 4ஜி மொடியூலும் உள்ள ரவுட்டரில், முதல் தடம் முற்றாக அறுந்தால் அதைக் கண்டறிவது எளிது. கடினமானது வேறொரு நிலை: கிளைக்கு வரும் கம்பி நன்றாக இருக்கும், விளக்கும் பச்சையாகவே எரியும், ஆனால் சேவை வழங்குநரின் வலையமைப்பினுள் எங்கோ ஓர் இடத்தில் பாதை முறிந்திருக்கும். அதனால் ரவுட்டர் தலைமை அலுவலகத்திலுள்ள ஒரு முகவரிக்குச் சிறு சோதனைப் பொதிகளை இடைவிடாது அனுப்பி, பதில் வராவிட்டால் அந்த வழியை அட்டவணையிலிருந்து நீக்கி 4ஜி வழியைச் சேர்க்கிறது. கைத்தொலைபேசி வலையமைப்பில் வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய தனிப் பொது முகவரி கிளைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே இரு அலுவலகங்களுக்கும் இடையே மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதையாக அமையும் குறியாக்கச் சுரங்கத்தைக் (வி.பி.என்.) கொழும்பு தொடங்க முடியாது, கிளைதான் தொடங்க வேண்டும். சுரங்கத்தின் உள்ளே பயன்படும் முகவரிகள் மாறாததால், மாற்றம் விரைவாக நடந்தால் காசாளரின் திரையில் திறந்திருக்கும் பதிவு அறுபடாமல் தொடர்கிறது.

குரல் அழைப்புக்குக் கூடுதல் கவனம் வேண்டும். குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்பின் குரல் நொடிக்கு 64 கிலோபிட். வழமைப்படி நொடிக்கு 50 பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 40 பைட் தலைப்புத் தகவல் சேர்த்தால் அது 80 கிலோபிட் ஆகிறது. குரலை மேலும் சுருக்கும் ஜி.729 முறையில் இதே கணக்கு 24 கிலோபிட்டில் முடிகிறது. குரலைச் சுருக்கவும் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் தேவையான கணிப்பைக் குரல் மொடியூலின் தனிச் சில்லுகள் ஏற்பதால் பிரதான செயலிக்குச் சுமை கூடுவதில்லை. நொடிக்கு 512 கிலோபிட் மட்டுமே மேலேற்றக்கூடிய தடத்தில் 1,500 பைட் கொண்ட ஒரு கோப்புப் பொதி வெளியேற 23 மில்லிநொடி பிடிக்கிறது. இத்தகைய பொதிகள் பத்து முன்னால் நின்றால் பேச்சு தடுமாறும். ஆகவே குரல் பொதிகளுக்குத் தனி வரிசையும் முன்னுரிமையும் கொடுக்கப்படுகின்றன. எல்லா இணையத் தடங்களும் செயலிழந்தாலும், சாதாரணத் தொலைபேசிக் கம்பியை ஏற்கும் மொடியூல் ஒன்று இருந்தால், கிளை வெளியுலகுடன் பேசிக்கொண்டிருக்கலாம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைச் சந்தித்த நமக்கு, ரவுட்டர், குரல், குறியாக்கம், ஆளி என நான்கு தனிப் பெட்டிகளுக்குப் பதிலாக ஒரு பெட்டிக்கு மட்டும் மின்கல ஆதரவு கொடுப்பதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஒரு பெட்டியின் மின்வழங்கி பழுதானால் எல்லாம் ஒருசேர நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மொடியூல்கள் பொதுவாக ஒரே நிறுவனத்தின், ஒரே தலைமுறைப் பெட்டிகளுக்கே பொருந்தும். இயங்கும்போதே கழற்றி மாட்டும் வசதி எல்லா மாதிரிகளிலும் இல்லை. நாலைந்து பேர் வேலை செய்யும், ஒரே தடமும் கைத்தொலைபேசி அழைப்புகளும் போதுமான கடைக்கு மொடியூல் மாற்ற முடியாத நிலையான வடிவ ரவுட்டரே சிக்கனமானது. வெற்று ஸ்லொட்டுக்கும் பணம் கொடுக்கிறோம் என்பதால், அதில் பின்னர் எதைப் பொருத்தப்போகிறோம் என்று சொல்ல முடிந்த கிளைக்கே மொடியூலர் பெட்டியை வாங்க வேண்டும். வாங்கும்போது விளம்பரத் தாளிலுள்ள இணைப்புத் துறைகளின் (போர்ட்) வேகத்தைப் பார்க்காமல், குறியாக்கமும் முன்னுரிமை வரிசைகளும் ஒருசேர இயங்கும்போது பெட்டி எவ்வளவு தரவைக் கடத்தும், அந்த மாதிரிக்கு உற்பத்தியாளர் எந்த ஆண்டு வரை மென்பொருள் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவார் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.