அடுப்பில் எரிவது தீயா, அக்னியா?

லிதுவேனிய மொழியில் நெருப்புக்கு 'உக்னிஸ்' என்று பெயர். புகை 'தூமஸ்', தேன் 'மெதுஸ்', பல் 'தந்திஸ்', கடவுள் 'தியேவஸ்'. ஒரு மலையாளியிடம் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினால் முக்கால்வாசியை அவரே ஊகித்துவிடுவார். அக்னி, தூமம், மது, தந்தம், தேவன் எல்லாம் அவர் மொழியிலும் உண்டு. பால்டிக் கடலோரத்தில் சுமார் 30 லட்சம் பேர் பேசும் மொழிக்கும், மூன்றரைக் கோடிப் பேர் பேசும் மலையாளத்துக்கும் அப்படியென்ன உறவு?

உறவே இல்லை. லிதுவேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. சமஸ்கிருதமும் அதே குடும்பம்தான், வேறு கிளை. மலையாளம் நம் தமிழோடு பிறந்த திராவிட மொழி. மேலே சொன்ன சொற்கள் லிதுவேனியத்துக்குப் பாட்டன் சொத்து. மலையாளத்துக்கு சமஸ்கிருதத்திடம் வாங்கிய கடன். சரி, எது சொத்து, எது கடன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்படிக்குப் போனால் பாதி விடை கிடைத்துவிடும். கேரளத்து அடுப்பில் எரிவது 'தீ'. எழும்புவது 'புக'. வலிப்பது 'பல்லு', வீசுவது 'காற்று', நக்கிச் சாப்பிடுவது 'தேன்'. அக்னி ஹோமத்திலும் கவிதையிலும் இருக்கும்; தீயணைப்புத் துறையின் பெயர்ப்பலகையில் 'அக்னிரக்ஷா சேனா' என்று மிடுக்காக நிற்கும். கடன்சொல் பெரும்பாலும் வாசல் வழியாக, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறது. லிதுவேனியாவில் அடுப்பில் எரிவதே உக்னிஸ்தான். தீயணைப்பு வீரரும் 'உக்னியகெசிஸ்', அதாவது உக்னிஸை அணைப்பவர்.

எண்களிலும் இதே கதை. மலையாளி ஒன்னு, ரண்டு, மூன்னு என்றுதான் எண்ணுகிறார். சமஸ்கிருத எண்கள் திரிகோணம், சப்தாகம் போன்ற கூட்டுச்சொற்களுக்குள் மட்டுமே தலைகாட்டும். லிதுவேனியர் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணினால் வியெனஸ், து, த்ரீஸ், கெதுரி, பென்கி.

'அப்படியானால் லிதுவேனியம் சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதானே?' என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. அது தவறு என்பதற்கு ஒரே ஓர் உயிரெழுத்து சாட்சி சொல்கிறது.

சமஸ்கிருதத்தில் ஏழு 'சப்த', பத்து 'தச', தேன் 'மது'. லிதுவேனியத்தில் 'செப்தீனி', 'தெஷிம்த்', 'மெதுஸ்'. அங்கே 'அ' வருகிற இடத்தில் இங்கே 'எ'. லத்தீனிலும் ஏழு 'செப்தெம்', பத்து 'தெகெம்'. இம்மூன்றுக்கும் மூதாதையான மூலமொழியில் இருந்தது 'எ'தான். எ, ஒ, அ மூன்றும் சமஸ்கிருதத்தின் பக்கத்தில் 'அ'வாகக் கலந்துவிட்டன. லிதுவேனியம் அங்கிருந்து பிறந்திருந்தால், கலந்துபோன 'அ'க்களில் எவை முன்பு 'எ'வாக இருந்தன என்று சரியாகப் பொறுக்கி எடுத்து, லத்தீனோடு ஒத்துப்போகும்படி மாற்றியிருக்க வேண்டும். அரைத்த தோசை மாவிலிருந்து உளுந்தை மட்டும் திரும்ப எடுப்பதைப் போன்ற காரியம் அது. ஆக இரண்டும் தாயும் பிள்ளையும் அல்ல, ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

மெய்யெழுத்திலும் ஒழுங்கு உண்டு. 'சிவன்' என்பதை வடநாட்டார் 'ஷிவ்' என்கிறார்களே, அந்தச் சகரம் சமஸ்கிருதத்தில் வருமிடத்தில் லிதுவேனியத்தில் பெரும்பாலும் 'ஷ' வருகிறது. நூறு: சதம், ஷிம்தஸ். பத்து: தச, தெஷிம்த். நாய்: ச்வன், ஷுவோ. தற்செயல் ஒற்றுமை ஒரு சொல்லில் வரலாம்; இப்படி வரிசையாக வராது.

இதில் ஒரு வேடிக்கை. 'தூமம்' என்பதில் உள்ள 'த' சமஸ்கிருதத்தில் அடிவயிற்றிலிருந்து மூச்சோடு வரும். லிதுவேனியம் அந்த மூச்சை இழந்துவிட்டது. மலையாளமோ அதற்கென்று தனி எழுத்தே வைத்து இன்றும் எழுதுகிறது. கடன் வாங்கியவர் பத்திரத்தை அப்படியே வைத்திருக்கிறார், வாரிசு பாட்டன் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்.

சொற்களைவிட இலக்கணம் பிடிவாதமானது. மலையாளத்தில் வீடு, வீடுகள், வீட்டில், வீடுகளில் என்று உருபுகள் ரயில் பெட்டிபோல மாட்டிக்கொள்ளும். 'கள்' தனி, 'இல்' தனி, கழற்றியும் காட்டலாம். லிதுவேனியத்தில் வீடு 'நமஸ்'. வீட்டில் என்றால் 'நமெ', வீடுகளில் என்றால் 'நமுவொசெ'. இதில் பன்மை எங்கே முடிகிறது, 'இல்' எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைக்க இடமில்லை. 1856-ல் ஜெர்மானிய மொழியறிஞர் ஆகஸ்ட் ஷ்லைஹர் லிதுவேனிய இலக்கணத்தை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் நம் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வந்தது. இரண்டு குடும்பங்களின் கட்டுமானமும் ஒரே ஆண்டில் மேசைக்கு வந்தது தற்செயல்தான்.

இவ்வளவு வேறுபாட்டுக்குப் பிறகும் ஓரிடத்தில் இரண்டும் கைகுலுக்குகின்றன. லிதுவேனியர் 'மன் ஷால்தா' என்பார்: எனக்குக் குளிர்கிறது. மலையாளி, 'எனிக்கு தணுக்குன்னு'. பிடித்திருக்கிறது என்பதற்கு 'மன் பதிங்கா', 'எனிக்கு இஷ்டமாணு'. வயது சொல்லும்போதும் 'எனக்கு இருபது' என்பதே இருவர் வழக்கமும். அந்த இருபதும் 'த்விதெஷிம்த்', அதாவது இரு பத்து. இது சொத்தும் இல்லை, கடனும் இல்லை. குளிர், விருப்பம், வயது எல்லாம் நாம் செய்கிறவை அல்ல, நமக்கு நேர்பவை. அவற்றுக்கு நான்காம் வேற்றுமையைப் போடுவது, தொடர்பே இல்லாத பல மொழிகளுக்குத் தனித்தனியே தோன்றிய யோசனை.

வினைமுற்றிலும் அப்படி ஒன்று உண்டு. லிதுவேனியத்தில் அவன், அவள், அவர்கள் யார் போனாலும் 'எய்னா'தான். 'நான்' என்றால் 'எய்னு', 'நீ' என்றால் 'எய்னி' என்று மாறும். மலையாளம் அந்த மிச்சத்தையும் உதறிவிட்டது. மலையாள இலக்கண அறிஞர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா இதற்கு 'புருஷபேத நிராசம்' என்று பெயர் வைத்தார், அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டைக் கைவிடுதல். நாம் போனேன், போனாய், போனாள் என்று வாலை விடாமல் பிடித்திருக்கிறோம். அதனால்தான் மலையாள நண்பர் போனில் 'போயி' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கும்போது, 'யாரு?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.