கொடிக்கயிறும் பைக் பெல்ட்டும்

பழைய ஹார்லி-டேவிட்சன் ஸ்ட்ரீட் 750 ஒன்றை வாங்கியிருக்கும் கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெல்ட் கொஞ்சம் லூசாகத் தெரிந்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன், தொய்வே இல்லாமல் இழுத்து வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வண்டி ஓடும்போது 'உய்ங்' என்று ஒரு சத்தம். டைட்டாக இருப்பது நல்லதுதானே?"

இல்லை. 'தொய்வே இல்லாமல்' என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

இந்த வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது செயின் அல்ல, பல் வைத்த பெல்ட். ஹார்லி இதை 1980இல் ஸ்டர்ஜிஸ் என்ற மாடலில் கொண்டுவந்தது. நம் ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 மின் ஸ்கூட்டரிலும் இதே ஏற்பாடுதான். எண்ணெய் வேண்டாம், துரு கிடையாது, சத்தமும் குறைவு. வெளியே தெரிவது ரப்பர் மாதிரியான உறை. இழுப்பைத் தாங்குவது உள்ளே நீளவாக்கில் ஓடும் அராமிட் போன்ற இழைகள். குண்டு துளைக்காத உடுப்பில் இருக்கும் கெவ்லாரும் அராமிட்தான். டியூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் கண்டுபிடித்தது அது. இழுத்தால் அசையாது, ஆனால் மடக்கி நெரித்தால் உள்ளிழை நசுங்கிவிடும். கழற்றிய பெல்ட்டைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது என்பது இதனால்தான்.

பெல்ட் லூசாக இருந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் ஒரு பக்கம் விறைக்கும், மறுபக்கம் தளரும், தளர்ந்த பக்கத்தில் பற்கள் புல்லியின் (பெல்ட் சுற்றி ஓடும் பல்சக்கரத்தின்) பள்ளத்தைவிட்டு ஏறித் தாண்டும். அதைத் தடுக்கக் கொஞ்சம் முன்கூட்டிய இழுவிசை தேவை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பெல்ட்டுக்குள் தராசு வைக்க முடியாதே, எப்படி அளப்பது?

மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் நடுவில் தொய்கிறது. தொய்ந்தே ஆக வேண்டும். கயிறு தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்கும். போர்வையை மேலே தாங்க அது சற்றாவது சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு குறையக் குறைய, அதே போர்வையைத் தாங்கக் கயிறு பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கும். கயிற்றை விறைப்பாகக் கட்டிய வீட்டில் ஒரே ஒரு ஈரப் போர்வைக்குச் சுவர் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது இந்தக் கணக்கால்தான்.

பெல்ட்டை அளப்பது இதன் மறுபக்கம். கீழ்ப்பக்கத்து பெல்ட்டின் நடுவில் தெரிந்த ஒரு விசையைக் கொடுத்து, எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறோம். ஹார்லி கையேடுகள் சொல்லும் விசை 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ. இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டின் நீளம் 500 மில்லிமீட்டர் என்றும், அது 10 மில்லிமீட்டர் நகர்ந்தது என்றும் வைத்துக்கொள்வோம். விசையை நீளத்தால் பெருக்கி, நகர்வின் நாலு மடங்கால் வகுத்தால் இழுவிசை: 4.5 × 500 ÷ 40, ஏறத்தாழ 56 கிலோ! ஒரு சின்னத் தள்ளலில் 56 கிலோ இழுவிசையை எடைபோட்டுவிட்டோம். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வித்தை மாதிரித்தான் படுகிறது.

இப்போது நகர்வை 5 ஆக்குங்கள்: 112 கிலோ. இரண்டரை ஆக்கினால் 225. பார்வைக்கு ஏழரை மில்லிமீட்டர் வித்தியாசம், உள்ளே நாலு மடங்கு. அதுவும் மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் சேர்ந்து இழுப்பதால், கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கில் விழும் சுமை இதைப்போல் இருமடங்கு. வண்டி பள்ளத்தில் இறங்கி, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது புல்லிகளின் இடைவெளி மாறி, பெல்ட் இன்னும் விறைக்கலாம். அந்த 'உய்ங்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது ஓரளவு யூகிக்கலாம்.

இதே இழுவிசையைக் காதாலும் அளக்கலாம். பெல்ட்டைத் தட்டினால் தம்புரா தந்திபோல அதற்கும் ஒரு சுருதி உண்டு. சுருதி ஒரு ஸ்தாயி ஏறினால் இழுவிசை நாலு மடங்காகிவிட்டது என்று அர்த்தம். தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஒலிமானி வைத்திருக்கிறார்கள்.

சாதனம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றும் ஸ்கேல் ஒன்றும் போதும். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கும் காசுக்கு மேல் கொஞ்சம் போட்டால் கிடைத்துவிடும். வருடம் தவறாமல் பழத்தை நசுக்குகிறவர்கள் அன்றைக்கே பெல்ட்டையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம். பக்தி மிகுதியில் பெல்ட்டுக்கும் எண்ணெய் போட்டுவிடாதீர்கள். மண் ஒட்டிக்கொண்டு பல்லை அரிக்கும்.

அலைன்மென்ட் தனிக் கதை. பின்சக்கரத்தின் அச்சான ஆக்சில் சற்றே கோணலாக இருந்தால் புல்லியும் கோணலாகச் சுழலும். பெல்ட் புல்லியைத் தொட்ட கணத்திலிருந்து புல்லியின் போக்கிலேயே போகும், அடுத்த பகுதி ஒரு மயிரிழை பக்கத்தில் வந்து விழும். கோணலாகப் பிடித்த கண்டில் நூல் ஓரம் நகர்ந்துகொண்டே போவதுபோல, பெல்ட் எந்தப் பக்கம் தளர்வோ அந்தப் பக்கம் நகர்ந்து, புல்லியின் விளிம்பில் உரசும். ஓரத்தில் பிசிறு, பளபளப்பு, கீச்சொலி எல்லாம் அதன் அறிகுறிகள். ஸ்விங் ஆர்ம் மூட்டின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்து, தூரம் சமமாகும்வரை அட்ஜஸ்டர்களைத் திருப்ப வேண்டும். ஸ்விங் ஆர்மில் ஆக்சில் நிலையைக் காட்டும் கோடுகளை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கோவை நண்பருக்கு: வண்டி ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக விறைப்பான இடத்தைக் கணக்கில் எடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். நான் மேலே போட்டது கணக்குப் புரிவதற்கான எண்கள் மட்டுமே. ஆக்சில் நட்டை முறுக்கும்போதே சக்கரம் நகர்ந்துவிடுவதுண்டு, அதனால் முறுக்கியபின் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். அப்புறமும் 'உய்ங்' தொடர்ந்தால் பெல்ட்டை விட்டுவிட்டு, கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.